ராக்கி மலையிலிருந்து பசிபிக் கரை வரை: மேற்குக் கனடா கார்ப் பயணத்தின் கடைசி நாட்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் கால்கரியில் இருக்கிறோம். கோடை வந்தால் ஊரிலிருந்தோ டொரன்டோவிலிருந்தோ யாராவது ஒரு ஜோடி வந்து, இங்கே காரை வாடகைக்கு எடுத்து, பான்ஃப், ஜாஸ்பர் எல்லாம் பார்த்துவிட்டு வான்கூவரில் விமானம் ஏறுவதாகத் திட்டம் வைத்திருப்பார்கள். பான்ஃபுக்கு மணிக்கணக்குப் போட்டு எழுதியிருப்பார்கள். அதற்கு அப்புறம் "வான்கூவர் போகணும்" என்று ஒரே ஒரு வரிதான் இருக்கும். இந்தப் பக்கம் அந்த ஒரு வரியைப் பற்றியது. மலை முடிந்ததும் பயணமும் முடிந்துவிட்டது என்று நினைத்து, மிச்சத்தை வெறும் தூரமாக ஓட்டித் தீர்க்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

லேக் லூயிஸிலிருந்து வான்கூவருக்கு ஒரே நாளில் ஓட்டிவிடலாமா?

முடியும். சுமார் 790 கிலோமீட்டர், எங்கும் நிற்காவிட்டால் எட்டரை முதல் ஒன்பது மணி நேரம். ஆனால் போகாதீர்கள்.

டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலை, அதாவது நெடுஞ்சாலை 1, மலைக்குள் நுழைந்ததும் பல இடங்களில் போக ஒரு தடம், வர ஒரு தடம் என்று சுருங்கிவிடும். முன்னால் ஒரு பெரிய லாரி ஏற்றத்தில் திணறினால் பின்னால் எல்லோரும் வரிசையில் போக வேண்டியதுதான். கோடை என்றால் சாலை வேலை வேறு நடக்கும். எங்காவது விபத்தாகிச் சாலையை மூடினால் பக்கத்துத் தெரு வழியாகப் போவதற்கு அங்கே தெருவே கிடையாது, சுற்றுவழி என்றால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை: நீங்கள் மேற்கு நோக்கி ஓட்டுகிறீர்கள். ஜூன், ஜூலையில் இரவு ஒன்பது மணி வரை சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும், அது இறங்கியதும் மான்கள் சாலைக்கு வரும். காலையிலிருந்து ஓட்டிக் களைத்தவருக்கு இரண்டுமே ஆபத்து.

அப்படியென்றால் எத்தனை இரவு ஒதுக்கணும்?

குறைந்தது நான்கு. வழியில் வரும் ஊர்களில் ரெவல்ஸ்டோக்கில் ஒன்று, காம்லூப்ஸிலோ ஹோப்பிலோ ஒன்று, கடற்கரையில் இரண்டு. ஒரு வாரம் இருந்தால் வான்கூவர் தீவுக்கும் போய்விடுங்கள், அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

கடைசி இரண்டு இரவும் ஒரே ஊரில், ஒரே அறையில் இருக்கட்டும். தினமும் பெட்டியைக் கட்டி, காரில் ஏற்றி, இறக்கி, புது அறையில் சுவிட்ச் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்குக் காலையில் எங்கும் கிளம்ப வேண்டாம் என்ற ஒரு நாள் எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அந்த நாளில்தான் புரியும். பான்ஃபில் ஒரு இரவைக் குறைத்தாவது இதைச் செய்யுங்கள்.

ஜாஸ்பர்தான் எங்கள் கடைசி மலை ஊர். திரும்பி லேக் லூயிஸ் வரணுமா?

வேண்டாம். ஜாஸ்பரிலிருந்து நெடுஞ்சாலை 16இல் மேற்கே போய், அங்கிருந்து நெடுஞ்சாலை 5 பிடித்தால் நேராகத் தெற்கே காம்லூப்ஸ் வந்துவிடும், சுமார் 440 கிலோமீட்டர். வழியில் மவுண்ட் ராப்சன், 3,954 மீட்டர், கனடிய ராக்கி மலைத்தொடரிலேயே உயரமானது. மேகம் இல்லாமல் அதன் உச்சி தெரிகிற நாள் அமைந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். கிளியர்வாட்டர் என்ற ஊரிலிருந்து வெல்ஸ் கிரே பூங்காவுக்குள் போனால் ஹெல்ம்கன் அருவி இருக்கிறது, 141 மீட்டர் ஒரே தாரையாக விழும். லேக் லூயிஸ் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த வழியின் அமைதி ரொம்பப் பிடிக்கும்.

ஜாஸ்பரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஜூலையில் காட்டுத்தீ ஊருக்குள் வந்து கட்டடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எரித்துவிட்டது. கருகிய மரங்களைப் பார்த்துவிட்டு "கெட்டுப்போச்சு, அடுத்த ஊருக்குப் போகலாம்" என்று கிளம்பிவிடாதீர்கள். அங்கே ஒரு இரவு தங்குங்கள், ஒரு வேளை சாப்பிடுங்கள். அந்த மக்கள் பயணிகளை நம்பித்தான் ஊரைத் திரும்பக் கட்டுகிறார்கள்.

வழியில் மணி மாறுமா?

மாறும். ஆல்பர்ட்டாவும் கோல்டன் ஊரும் மலை நேரம், ரெவல்ஸ்டோக்கிலிருந்து மேற்கே பசிபிக் நேரம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்க வேண்டும், அதாவது ஒரு மணி நேரம் உங்களுக்கு லாபம். எதிர்த்திசையில் வருபவர்களுக்குத்தான் இது தொல்லை.

ரெவல்ஸ்டோக் வரைக்கும் நின்று பார்க்க அப்படி என்ன இருக்கு?

முதலில் ஃபீல்டு. எமரால்டு ஏரி, டக்காக்கா அருவி இரண்டும் நெடுஞ்சாலையிலிருந்து சிறு கிளைச்சாலையில்தான். என் கணவருக்கு ரயில் என்றால் உயிர் என்பதால் நாங்கள் சுழல் சுரங்கப் பார்வையிடத்தில் எப்போதும் நிற்போம். கிக்கிங் ஹார்ஸ் கணவாயில் சரிவு மிகவும் செங்குத்தாக இருந்ததால், 1909இல் மலைக்குள் வட்டமாக இரண்டு சுரங்கம் வெட்டி ரயிலைச் சுற்றவிட்டு இறக்கினார்கள். நீளமான சரக்கு ரயிலாக வந்தால் அதன் தலை சுரங்கத்தை விட்டு வெளியே வரும்போது வால் இன்னும் மேலே உள்ளே போய்க்கொண்டிருக்கும். ரயில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, காத்திருக்கத்தான் வேண்டும்.

அப்புறம் ரோஜர்ஸ் கணவாய். இங்கே அரை மணி நேரம் கட்டாயம் கொடுங்கள். 1,330 மீட்டர் உயரம்தான், ஆனால் பனி கொட்டும் இடம். 1880களில் ரயில்பாதை இந்த வழியாகப் போனதிலிருந்து பனிச்சரிவு ஆட்களைக் கொன்றுகொண்டே இருந்தது. 1910 மார்ச் 4 அன்று இரவு, ஏற்கெனவே சரிந்து பாதையை மூடியிருந்த பனியைத் தொழிலாளர்கள் வெட்டி அகற்றிக்கொண்டிருந்தபோது எதிர்ப்பக்க மலையிலிருந்து இன்னொரு சரிவு வந்து 58 பேரைப் புதைத்தது. அதில் 32 பேர் ஜப்பானிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அதன்பின் மலைக்கு அடியிலேயே எட்டுக் கிலோமீட்டருக்குக் கனாட் சுரங்கத்தை வெட்டி, 1916இல் ரயிலை உள்ளே கொண்டுபோனார்கள். நீங்கள் ஓட்டுகிற நெடுஞ்சாலை 1962இல்தான் திறந்தது. இன்றைக்கும் குளிர்காலத்தில் கனடிய ராணுவம் பீரங்கி வைத்துச் சுட்டு, பனி பெரிதாகச் சேரும் முன்பே அதைச் சரித்துவிடுகிறது. சாலைக்கு மேல் கூரை போட்ட கான்கிரீட் கூண்டுகள் வழியாகப் போவீர்களே, அவை பனிச்சரிவு உங்கள் தலைக்கு மேலாகப் போவதற்காகக் கட்டியவை. கணவாயிலேயே ஒரு தகவல் மையம் இருக்கிறது, உள்ளே போய்ப் பாருங்கள்.

ரெவல்ஸ்டோக்குக்கு முப்பது கிலோமீட்டர் முன்னால் ராட்சத தேவதாரு மரங்களுக்கு நடுவே ஒரு பலகைப் பாதை. ஐநூறு வருடத்துக்கும் மேலான மரங்கள். கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் மழைக்காடு இருப்பதே உலகத்தில் அபூர்வம். நடக்க இருபது நிமிடம் போதும். ஆகஸ்ட் வாக்கில் வந்தால் ரெவல்ஸ்டோக் மலை உச்சிக்குப் பக்கம் வரை கார் போகும் 26 கிலோமீட்டர் சாலையிலும் ஏறுங்கள், மேலே காட்டுப்பூக்கள் பூத்திருக்கும்.

பான்ஃபில் வாங்கிய தேசியப் பூங்கா பாஸை வண்டியிலேயே வைத்திருங்கள். யோஹோ, கிளேசியர், மவுண்ட் ரெவல்ஸ்டோக், கடைசியில் வான்கூவர் தீவில் டொஃபினோ பக்கத்து பசிபிக் ரிம் எல்லாவற்றுக்கும் அதே பாஸ் செல்லும். வருட பாஸ் ஒரு வண்டியில் ஏழு பேர் வரைக்கும்.

ரெவல்ஸ்டோக்கிலிருந்து காம்லூப்ஸ் வரை?

கிரெய்கெல்லாக்கி. பெயர்தான் பெரிது, இடம் சாலையோரத்தில் ஒரு சின்ன நிறுத்தம். கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில்பாதையின் கடைசி ஆணியை 1885 நவம்பர் 7 அன்று டொனால்ட் ஸ்மித் இங்கேதான் அடித்தார். அந்தப் புகழ்பெற்ற புகைப்படத்தைப் பார்த்தால் தொப்பி போட்ட கனவான்கள் சுற்றி நிற்பார்கள். பாறையை வெடித்து, உயிரைக் கொடுத்துப் பாதை போட்ட ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களில் ஒருவரும் அதில் தெரியமாட்டார். பாதை முடிந்த அதே 1885இல், சீனாவிலிருந்து வருபவர்களுக்குத் தலைக்கு 50 டாலர் வரி என்று அரசு சட்டம் போட்டது. இதைத் தெரிந்துகொண்டு அங்கே நின்றால் அந்த இடம் வேறு மாதிரி இருக்கும்.

அக்டோபர் முதல் பாதியில் போகிறவர்கள் ஆடம்ஸ் ஆற்றைத் தவறவிடாதீர்கள். சாக்கை சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஃப்ரேசர், தாம்ஸன் ஆறுகளில் எதிர்நீச்சல் போட்டு, தான் பிறந்த இந்த இடத்துக்கே வந்து முட்டையிட்டுச் சாகும். உடம்பு முழுக்கச் சிவப்பு. நான்கு வருடத்துக்கு ஒரு முறை பெரிய வரத்து: 2018, 2022, அடுத்தது 2026. கரையோரம் நடைபாதை இருக்கிறது, நாயை அவிழ்த்துவிடாமல், மீனைத் தொடாமல் பார்க்க வேண்டும்.

காம்லூப்ஸுக்கு அப்புறம் எந்த வழி? மேப் எல்லாம் கோக்கிஹாலாவைத்தான் காட்டுது.

காட்டும், ஏனென்றால் அது வேகம். கோக்கிஹாலா, அதாவது நெடுஞ்சாலை 5, 1986இல் வான்கூவர் உலகக் கண்காட்சி நேரத்தில் திறந்தது. ஹோப் வரை இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், வேக வரம்பு சில இடங்களில் 120. மலை அழகாகத்தான் இருக்கும், ஆனால் இறக்கம் செங்குத்து, பிரேக் பிடிக்காத லாரிகளுக்கென்று மணல் ஏற்றப் பாதைகள் வைத்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். 2021 நவம்பரில் பெய்த பேய்மழை இந்தச் சாலையைப் பல இடங்களில் அறுத்துக்கொண்டு போனது. லாரிகள் மட்டும் போகிற அளவுக்கு ஐந்து வாரத்தில் சரிசெய்ததே பெரிய சாதனை.

பகல் வெளிச்சமும் கூடுதலாக ஒன்றரை மணி நேரமும் இருந்தால் பழைய வழியில் போங்கள். கேஷ் க்ரீக் போய் அங்கிருந்து நெடுஞ்சாலை 1இல் ஃப்ரேசர் பள்ளத்தாக்கு. நான் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். காம்லூப்ஸைச் சுற்றி வறண்ட, புல்லும் புதரும் மட்டும் உள்ள குன்றுகள். காலையில் மழைக்காட்டில் நடந்தவர்கள் மாலையில் பாலைவனம் மாதிரி இடத்தில் நிற்பதை நம்பவே மாட்டார்கள். லிட்டனில் தெளிவான தாம்ஸன் ஆறு சேறு கலந்த ஃப்ரேசரோடு கலக்கிறது, இரண்டு நிறமும் கொஞ்ச தூரம் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். 2021 ஜூன் 29 அன்று இந்தச் சின்ன ஊரில் 49.6 டிகிரி செல்சியஸ் வெயில் பதிவானது, கனடாவில் அதுவரை யாரும் பார்க்காத சூடு. மறுநாளே தீ வந்து ஊரின் பெரும்பகுதியை அழித்தது. ஊர் இன்னும் திரும்ப எழுந்துகொண்டிருக்கிறது, வேடிக்கை பார்க்கக் காரை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள்.

அதற்குக் கீழே ஹெல்ஸ் கேட். முழு ஃப்ரேசர் ஆறும் ஏறக்குறைய 35 மீட்டர் அகலப் பாறை இடுக்கில் நுழைந்து போகிற இடம். 1914இல் ரயில்பாதை வேலையின்போது பாறை சரிந்து ஆற்றில் விழ, நீர் இன்னும் வேகமாகி, மேலே போக முடியாமல் சால்மன்கள் இங்கேயே கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஆற்றங்கரைப் பூர்வகுடி மக்களின் சாப்பாடே அதுதான். 1940களில் மீன் ஏறுவதற்குக் கான்கிரீட் வாய்க்கால் கட்டினார்கள். ஆடம்ஸ் ஆற்றில் நீங்கள் பார்த்த மீன்கள் இந்த இடத்தைத் தாண்டித்தான் அங்கே வந்தவை. கோடையில் ஆற்றைக் கடக்கும் ரோப் கார் ஓடும்.

மூன்றாவது வழி லில்லூவெட், பெம்பர்டன், விஸ்லர் வழியாக. அழகுக்குக் குறையே இல்லை, ஆனால் வளைவுகள் அதிகம். வாந்தி வருகிறவர்களுக்கு வேண்டாம்.

காட்டுத்தீ, புகை வந்துவிட்டால்?

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை இதை எதிர்பார்த்தே கிளம்பணும். 2023 ஆகஸ்டில் ஷுஸ்வாப் ஏரிப் பக்கமும் கெலோனா பக்கமும் ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது, நெடுஞ்சாலைகளும் மூடிக்கிடந்தன. தினமும் காலையில் கிளம்பும் முன் டிரைவ்பிசி இணையதளத்தில் சாலை நிலவரம் பாருங்கள். அறைகளை இலவசமாக ரத்து செய்யக்கூடிய விதத்தில் பதிவு செய்யுங்கள், பத்து இருபது டாலர் கூடுதலானாலும் பரவாயில்லை. தொட்டியில் பாதிக்குக் கீழே பெட்ரோல் இறங்க விடாதீர்கள், சுற்றிப் போகச் சொன்னால் அப்போது தெரியும் அருமை. ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் கைப்பையில், காரின் ஏசி உள்காற்றுச் சுழற்சியில்.

வெளியேற்ற உத்தரவு இருக்கிற ஊரில் ஓட்டல் அறை தேடாதீர்கள், பக்கத்து ஊரிலும்கூட. அந்த அறைகள் வீட்டை விட்டு வந்தவர்களுக்கு வேண்டும். தெற்கே இறங்கி நேராகக் கடற்கரைக்குப் போய்விடுங்கள்.

கடைசி நாட்களில் செலவைக் குறைக்க ஏதாவது வழி?

ஜாக்கெட், ஷூ, நினைவுப்பொருள் எதுவானாலும் ஆல்பர்ட்டாவில் வாங்கிவிடுங்கள். அங்கே மத்திய அரசின் 5 சதவீதம் மட்டும்தான், மாகாண விற்பனை வரி கிடையாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் அதோடு 7 சேர்ந்து 12. பெட்ரோலும் ஆல்பர்ட்டாவில்தான் பொதுவாக மலிவு, அதனால் மாகாண எல்லை தாண்டும் முன் நிரப்புங்கள். கடைசியாக நிரப்ப வேண்டிய இடம் அபட்ஸ்ஃபோர்ட். அதைத் தாண்டி வான்கூவர் பெருநகர எல்லைக்குள் போனால் லிட்டருக்கு 18.5 சென்ட் போக்குவரத்து வரி சேர்ந்துவிடும். காரைத் திருப்பிக் கொடுக்கும்போது தொட்டி நிறைந்திருக்க வேண்டும் என்பதால் விமான நிலையம் பக்கத்தில் கொஞ்சம் போட வேண்டியிருக்கும், அது போகட்டும்.

கால்கரியில் எடுத்து வான்கூவரில் விடுவதற்கு ஒருவழிக் கட்டணம் கேட்பார்கள். பதிவு செய்யும்போதே அது விலையில் சேர்ந்திருக்கிறதா, கிலோமீட்டர் வரம்பு உண்டா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களோடு வந்த ஒரு ஜோடிக்குக் கவுண்டரில் வாயால் சொன்னது ஒன்று, பில்லில் வந்தது வேறு.

கரடி வந்தால் விரட்ட வாங்கிய ஸ்ப்ரே மிச்சமிருக்கு, அதை என்ன செய்வது?

விமானத்தில் கொண்டுபோகவே முடியாது, கைப்பையிலும் சரி, சரக்குப் பெட்டியிலும் சரி. கேம்ப் அடுப்பின் காஸ் டப்பாவும் அப்படித்தான். குப்பையில் போடாதீர்கள், அழுத்தத்தில் வெடித்தால் குப்பை வண்டிக்காரருக்குத்தான் ஆபத்து. மலையை விட்டு இறங்கும் கடைசி இரவில், தங்கும் விடுதியிலோ முகாமிலோ எதிரே வருகிற இன்னொரு ஜோடிக்குக் கொடுத்துவிடுவதே நல்லது, காலாவதி தேதியைக் காட்டிக் கொடுங்கள்.

கரடி கடைசி நாளிலும் கரடிதான். நூறு மீட்டர் தூரம் விதி, மானுக்கும் எல்க்குக்கும் முப்பது. சாலையோரத்தில் பார்த்தால் காரை விட்டு இறங்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவது? பர்கர் அலுத்துப்போச்சு.

எல்லோருக்கும் இந்தக் கட்டத்தில்தான் அலுக்கும். ஒரு சின்ன ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப்பொடி, ஊறுகாய். தயிர் எல்லா ஊர் மளிகைக் கடையிலும் கிடைக்கும். சமையலறை உள்ள அறையாக எடுங்கள், சாதாரண அறையில் தாளிக்காதீர்கள், புகை அலாரம் அடித்து மொத்த மோட்டலும் வெளியே வந்து நிற்கும். ஜூலை, ஆகஸ்டில் காம்லூப்ஸிலிருந்து கெலோனா பக்கம் திரும்பினீர்கள் என்றால் சாலையோரக் கடைகளில் செர்ரியும் பீச்சும் வாங்குங்கள். அபட்ஸ்ஃபோர்ட், சர்ரி வந்துவிட்டால் பஞ்சாபிக் கடைகள் வரிசையாக இருக்கும், சூடான ரொட்டியும் தாலும் அங்கே சாப்பிட்டால் போன உயிர் திரும்பும்.

அபட்ஸ்ஃபோர்டில் 1911இல் கட்டிய குருத்வாரா இருக்கிறது, வட அமெரிக்காவில் இன்னும் நிற்பவற்றில் மிகப் பழையது. மர ஆலைகளில் வேலை செய்த சீக்கியர்கள் மரப்பலகைகளைத் தோளில் சுமந்துவந்து கட்டியது. சாப்பாட்டுக்காக மட்டும் அந்த ஊரில் நிற்காமல் இதையும் பாருங்கள்.

அக்கா, கடைசி நாட்களில்தான் எங்களுக்குள் சண்டையே வருது. உங்களுக்கு வராதா?

வரும். எல்லோருக்கும் வரும், ஆனால் ஊருக்கு வந்து யாரும் சொல்வதில்லை. முதல் வாரம் எல்லாமே புதுசு, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்போம். பத்தாவது நாள் வாக்கில் துவைக்காத துணி, தூக்கமில்லாத உடம்பு, கிரெடிட் கார்டு கணக்கு, லீவு முடியப்போகிறதே என்ற கவலை எல்லாம் சேர்ந்து நிற்கும். நாள் முழுக்க ஒரு காருக்குள் இரண்டே பேர். வீட்டில் கோபம் வந்தால் அடுத்த அறைக்குப் போகலாம், இங்கே போக இடமில்லை. அது உங்கள் உறவில் கோளாறு என்று அர்த்தமில்லை, களைப்பு.

எங்களுக்குப் பலன் தந்ததைச் சொல்கிறேன். ரெவல்ஸ்டோக்கிலோ காம்லூப்ஸிலோ துணி துவைக்கும் கடையில் இரண்டு மணி நேரம் உட்காருங்கள், சுத்தமான துணி பாதிக் கோபத்தைத் தீர்த்துவிடும். வண்டி ஓட்டுவதைப் பங்கு போடுங்கள். மனைவிக்கு லைசென்ஸ் இருந்தும் "மலை ரோடு, நீ வேண்டாம்" என்று கணவரே முழுக்க ஓட்டுவதை நிறையப் பார்க்கிறேன், களைத்துப்போய் எரிந்து விழுவதும் அவர்தான். பக்கத்தில் இருப்பவர் வழி சொல்ல வேண்டும், பிரேக் பிடிக்கச் சொல்லக் கூடாது. மீதி நாட்களில் ஆளுக்கு ஒரே ஒரு விஷயம், அதை விடவே முடியாது என்பதைச் சொல்லுங்கள். எனக்கு அருவி, அவருக்கு ரயில். மற்றதெல்லாம் நடந்தால் நடக்கட்டும். கடற்கரைக்கு வந்ததும் ஒரு அரை நாள் தனித்தனியாக இருங்கள், ஒருவர் நடக்கப் போகட்டும், ஒருவர் தூங்கட்டும். மாலையில் பேச விஷயம் இருக்கும். பணக் கணக்கைக் காரில் பேசாதீர்கள்.

டொஃபினோ வரை போகணுமா, வான்கூவர் போதாதா?

இரண்டு இரவு மட்டும் என்றால் வான்கூவர் போதும். ஸ்டான்லி பூங்காவைச் சுற்றிக் கடலோரச் சுவரில் நடங்கள் அல்லது சைக்கிள் ஓட்டுங்கள். கோல் ஹார்பரில் கோமகட்டா மாரு நினைவிடம் இருக்கிறது. 1914இல் 376 பேரோடு வந்த கப்பலை, பெரும்பாலும் பஞ்சாபிகள், இரண்டு மாதம் கரைக்கு விடாமல் நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

கடற்கரைக்கு மட்டும் நான்கு இரவு இருந்தால் வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் இருக்கும் டொஃபினோ போங்கள். வான்கூவர் பக்கத்து ஹார்ஸ்ஷூ பேயிலிருந்து தீவிலுள்ள நனைமோவுக்குக் கார் ஏற்றும் ஃபெரி ஒரு மணி நாற்பது நிமிடம், அங்கிருந்து மூன்று மணி நேரம் ஓட்டம். ஃபெரிக்கு முன்பதிவு செய்யுங்கள், நீண்ட வார இறுதியில் பதிவில்லாமல் போனால் கியூவில் அரை நாள் போய்விடும். நெடுஞ்சாலை 4 மட்டும்தான் வழி. 2023 ஜூனில் கேமரன் ஏரி அருகே தீப்பிடித்து இரண்டு வாரத்துக்கும் மேல் அது மூடிக்கிடந்தது, அதனால் விமானத்துக்கு முந்தைய நாளே வான்கூவருக்குத் திரும்பிவிடுவது நல்லது. வழியில் கதீட்ரல் குரோவ், எண்ணூறு வருட டக்ளஸ் ஃபிர் மரங்கள். பலமாகக் காற்று அடிக்கிற நாளில் உள்ளே போகாதீர்கள், கிளை முறிந்து விழும்.

டொஃபினோவைச் சுற்றியுள்ள கிளயோக்வாட் சவுண்ட் காடுகள் இன்று நிற்பதற்குக் காரணம் உண்டு. 1980களிலேயே அங்குள்ள பூர்வகுடி மக்கள் மீயர்ஸ் தீவில் மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்தார்கள். 1993 கோடையில் ஆயிரக்கணக்கானவர்கள் சாலையை மறித்து நின்றார்கள், எண்ணூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அவர்கள் காப்பாற்றிய காட்டில்தான் நாம் நடக்கிறோம். லாங் பீச் 16 கிலோமீட்டர் நீளம், தண்ணீர் ஆகஸ்டிலும் சில்லென்றுதான் இருக்கும். குளிப்பதென்றால் வெட்சூட் வாடகைக்கு எடுங்கள்.

விக்டோரியா?

தமிழர்களுக்கு நான் இதைத் தனியாகச் சொல்வதுண்டு. அதே தீவில் இருக்கும் விக்டோரியாவை ஒட்டியே எஸ்குவைமால்ட் கடற்படைத் தளம். 2010 ஆகஸ்டில் எம்.வி. சன் சீ கப்பல் அடைக்கலம் தேடி வந்த 492 ஈழத் தமிழர்களோடு அங்கேதான் கொண்டுவரப்பட்டது. அதற்கு முந்தைய வருடம் ஓஷன் லேடி, 76 பேர். மாதக்கணக்கில் கடலில் வந்தவர்களை நேராகக் காவலில் வைத்தார்கள், பலர் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். தளத்துக்குள் நம்மை விடமாட்டார்கள், ஆனால் பக்கத்துக் கடலோரப் பாதைகளிலிருந்து அந்தத் துறைமுகப் பக்கம் தெரியும். நாம் ரசிக்கிற இதே கடல் வழியாக நம் ஆட்கள் எப்படி வந்தார்கள் என்பதை அங்கே நின்று யோசிக்காமல் என்னால் வர முடியவில்லை.

ஊருக்குள் பீக்கன் ஹில் பூங்கா ஓரத்தில் டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையின் பூஜ்ஜிய மைல் கல், பக்கத்தில் டெர்ரி ஃபாக்ஸ் சிலை. புற்றுநோயில் வலது காலை இழந்த பையன், 1980இல் செயற்கைக் காலோடு அட்லாண்டிக் கரையிலிருந்து 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவி ஒன்டாரியோவில் நிறுத்த வேண்டியதாயிற்று, பசிபிக்கை ஓடி அடையவே இல்லை.

விமானம் இரவில். கடைசிப் பகலை எப்படிக் கழிப்பது?

முதல் விஷயம், பெட்டிகள் காரில் தெரியும்படி வைத்து வான்கூவர் நகரத்துக்குள் நிறுத்தாதீர்கள், கண்ணாடியை உடைத்து எடுத்துப்போவது அங்கே சாதாரணம். பாஸ்போர்ட் எப்போதும் உங்கள் உடம்போடு. நகரத்துக்குப் பதிலாக விமான நிலையத்துக்குத் தெற்கே ஸ்டீவ்ஸ்டன் மீன்பிடித் துறைக்குப் போங்கள். படகிலிருந்தே மீன் விற்பார்கள், 1894இல் கட்டிய பழைய சால்மன் டப்பா ஆலை இப்போது அருங்காட்சியகம். இங்கிருந்த ஜப்பானிய மீனவக் குடும்பங்களை 1942இல் அரசு வெளியேற்றியது, படகுகளையும் பிடுங்கிக்கொண்டது. அந்தக் கதையும் அங்கே இருக்கிறது.

காரைக் கொடுக்கும் முன் நான்கு பக்கமும், கண்ணாடியையும், கிலோமீட்டரையும் படம் எடுங்கள். மலைச் சாலையில் கல் தெறித்துக் கண்ணாடியில் புள்ளி விழுந்திருக்கும். சர்வதேசப் புறப்பாட்டுக் கூடத்தில் பில் ரீட் செய்த பெரிய பச்சை வெண்கலப் படகுச் சிற்பம் இருக்கும், ஒருவர் காரை விடப் போகும்போது மற்றவர் பெட்டிகளோடு காத்திருக்க அதுதான் தவறாமல் கண்டுபிடிக்கக்கூடிய இடம்.

டிசம்பர், ஜனவரியில் இதே வழியில் போகலாமா?

பனியில் ஓட்டிப் பழக்கமில்லை என்றால் வேண்டாம். அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை மலைக் கணவாய்களில் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம், ஆல்பர்ட்டாவில் எடுக்கும் வாடகைக் காரில் அது இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது, கேட்டு உறுதி செய்ய வேண்டும். பீரங்கி வைத்துப் பனி சரிக்கும்போது ரோஜர்ஸ் கணவாயில் மணிக்கணக்கில் நிறுத்திவைப்பார்கள், சில சமயம் நாள் முழுக்க. அந்த மாதங்களில் பான்ஃபை நன்றாகப் பார்த்துவிட்டு, காரைக் கால்கரியிலேயே விட்டுவிட்டு வான்கூவருக்கு விமானத்தில் போங்கள், ஒன்றரை மணி நேரம்தான்.